மத்தியான ரேடியோ

நகராட்சிப் பதிவேட்டில் வடிவேல் ஒரு பியூன். ஆனால் 1957ஆம் வருஷம் வாய்க்கால் பக்கத்துச் சின்னப் பூங்காவில் நகராட்சி ஒரு ரேடியோப் பெட்டியை வைத்து அதன் சாவியை அவனிடம் கொடுத்த பிறகு, புதுச்சேரியில் யாரும் அவனைப் பியூன் என்று சொல்லவில்லை. ரேடியோ வடிவேல் என்றால்தான் தெரியும்.

பூங்காவின் மூலையில் ஓர் ஆள் நிற்குமளவுக்கு ஒரு சின்ன அறை. அதற்குள் ரேடியோ. வெளியே கம்பத்தின் உச்சியில் குழாய். அலுவலகம் முடிந்து போகும் வடிவேல், மாலை ஐந்தரைக்கு ஊர்க்கோடி மேட்டுப்பாளையத்து வீட்டிலிருந்து அன்றைக்கு இரண்டாம் தடவையாக சைக்கிளில் வந்து அறையைத் திறப்பான். ஏழரைக்குப் பூட்டுவான். அந்த இரண்டு மணி நேரமும் பூங்காவில் உட்கார இடம் இருக்காது. மில்லிலிருந்து வருகிறவர்கள், கடைச் சிப்பந்திகள், ரிக்‌ஷாக்காரர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பிரான்சுவா, எல்லாரும் வருவார்கள். வடிவேல் முள்ளை சிலோனுக்குத் திருப்பி வைத்துவிடுவான். சினிமாப் பாட்டும், நடுநடுவே பல்பொடி, தலைவலி மாத்திரை, சோப்பு என்று விளம்பரமுமாகப் பொழுது போகும். சோப்பு விளம்பரம் ஆரம்பித்தால் பூங்காவே சேர்ந்து சொல்லும்.

அந்த சோப்புதான் வினையாக வந்தது.

பெரிய மார்க்கெட் பக்கத்தில் கன்னியப்பன் என்றொருவர் சொந்தமாக சோப்புக் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தார். அவர் நகராட்சிக்கு ஒரு மனுப் போட்டார். என் சோப்பின் பெயர்ப்பலகையை என் சுவரில் மாட்டுவதற்கே நான் நகராட்சிக்கு வரி கட்டுகிறேன், அதே நகராட்சி யாரோ ஒரு கம்பெனியின் சோப்பை ஊர் நடுவே கம்பத்தில் ஏறி நின்று இனாமாகக் கூவுகிறது, இது என்ன நியாயம் என்று கேட்டிருந்தார். மனுவைப் படித்த அதிகாரி சவரிராயனுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. சவரிராயன் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அந்த நாற்காலியில் இருப்பவர். எந்த உத்தரவானாலும் முதலில் பிரெஞ்சில் எழுதிப் பார்த்து, பிறகு தாமே தமிழாக்கிக் கையெழுத்துப் போடுவார். நகராட்சியின் குழாய் எந்த வியாபாரிக்கும் வாயாக இருக்கலாகாது, இனி விளம்பரமில்லாத அரசாங்க நிலையங்களை மட்டுமே வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

1958 தை மாதத்திலிருந்து வடிவேல் அப்படியே செய்தான். செய்தி கேட்டார்கள். விவசாயிகளுக்கான பேச்சும் கேட்டார்கள். கச்சேரி தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். எதிர்த்தெருக் காப்பிக் கடைக்காரர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், அடுத்த மாதமே ஒரு ரேடியோ வாங்கி சிலோனை வைத்துவிட்டார். பூங்காவில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். அந்தப் பக்கம் சோப்புக்குச் சிரிக்கும் சத்தம் இந்தப் பக்கம் வரை கேட்டது. வடிவேலுக்கு அது தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோலவே இருந்தது.

பங்குனியில் சவரிராயன் அவனைக் கூப்பிட்டனுப்பினார். கேட்க ஆளில்லாத இடத்தில் ரேடியோ எதற்கு, அதை எடுத்து விருந்தினர் மாளிகையில் வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை இருப்பதாகச் சொன்னார். ஆனாலும் அவர் முறை தவறாதவர். பதினைந்து நாள் ஒரு நோட்டை வைத்து, கேட்கிறவர்களின் அபிப்பிராயத்தை எழுதி வாங்கு, அதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்.

வடிவேல் ஒரு நோட்டில் நூலால் பென்சிலைக் கட்டி அறை வாசலில் தொங்கவிட்டான். எழுதத் தெரியாதவர்களுக்கு அவனே எழுதிக்கொடுத்தான். அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே இல்லை. விளம்பரம் இல்லாமல் காது குளிர்ந்திருக்கிறது என்று ஒருவர் எழுதினார். விளம்பரம் இல்லாததால் பீடி பற்றவைக்க நேரமே கிடைக்கவில்லை என்று ஒரு ரிக்‌ஷாக்காரர் சொன்னார். கச்சேரி போதாது என்று ஒரு வாத்தியார். கச்சேரியே வேண்டாம் என்று நாலு பேர். பிரான்சுவா பிரெஞ்சுச் செய்தி வேண்டும் என்று அரைப் பக்கத்துக்கு பிரெஞ்சிலேயே எழுதி வைத்தார். எல்லாரும் ஒத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பாட்டு என்று வருவதெல்லாம் திரும்பத் திரும்ப அதே பாட்டு.

ஆறாம் நாள் மாலை, மில் வேலைக்காரரான தேவதாஸ் என்பவர் ஒரு மடித்த காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பூங்காவுக்கு எதிர்வீட்டுக்காரர். தன் மனைவி அந்தோணிமேரி கொடுத்தனுப்பியதாகச் சொல்லிவிட்டு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். வடிவேல் பிரித்துப் பார்த்தான். தையற்காரர்கள் அளவு குறித்துக்கொள்ளும் கோடு போட்ட தாள். அதில் நாற்பது நாளுக்கான பட்டியல் இருந்தது. என்ன தேதி, எத்தனை மணிக்கு, என்ன பாட்டு என்று வரிசையாக. கடைசியில் ஒரு கூட்டல். ஓடக்காரன் பாட்டு பதினேழு தரம். நிலாப் பாட்டு பதினான்கு தரம். கோயில் மணியோடு தொடங்கும் பாட்டு பதினொரு தரம்.

வடிவேலுக்குச் சுருக்கென்றது. நான் பாடினேனா, நிலையத்தார் போடுவதற்கு நான் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் காலை அலுவலகம் போகும் வழியில் அந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

அந்தோணிமேரி நாற்பது வயதுக்காரி. கான்வென்டில் தையல் கற்றுக்கொண்டவள். ஜன்னலோரம் மிஷினைப் போட்டு, காலை முதல் விளக்கு வைக்கும் வரை ரவிக்கையும் கவுனும் தைப்பாள். கம்பத்துக் குழாயின் வாய் சரியாக அந்த ஜன்னலைப் பார்த்தபடி இருந்ததை வடிவேல் அப்போதுதான் கவனித்தான். அவள் மிஷினை நிறுத்தாமலே அவனை உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை. பாட்டுத் தேர்வு தன் கையில் இல்லை என்பதைக் கொஞ்சம் விறைப்பாகவே சொன்னான்.

அவள் மிஷினை நிறுத்தினாள்.

"தம்பி, ஆறே காலுக்கு முள்ள அந்தப் பக்கம் திருப்புறீங்க. ஏழு மணிக்கு மறுபடியும் இந்தப் பக்கம். ஒருநாள்கூட மாறல. கெடியாரம் மாதிரி. அந்த நேரத்துல அவுங்க போடுறது அந்த ஒரே பெட்டி ரெக்கார்டுதான். திரும்பத் திரும்பப் போடுறது அவுங்க இல்ல, நீங்க."

அது உண்மை என்று கேட்ட உடனேயே வடிவேலுக்குத் தெரிந்துவிட்டது. தையிலிருந்து அவன் கை பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. திருச்சி நிலையம் கரகரக்கும் என்று நினைத்து அதைத் தொட்டதே இல்லை.

அவள் கோபமாகப் பேசவில்லை. கடலூரில் தன் தங்கை வீட்டில் ரேடியோ இருப்பதாகவும், அங்கே போயிருந்தபோது மத்தியானத்தில் மாதர் நிகழ்ச்சி, கதை, தான் அதுவரை கேட்டேயிராத பாட்டுகள் எல்லாம் வந்ததாகவும் சொன்னாள். சாயங்காலம் திறந்தால் தனக்குப் பாட்டு காதில் விழுமே தவிர மனசில் விழாது. அந்த நேரத்தில் அடுப்பு, விளக்கு, வீட்டுக்கு வருகிறவர்கள். பதினெட்டு வருஷமாக எதிரிலேயே இருந்தும் இந்தப் பூங்காவுக்குள் இதுவரை ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை, அத்தனை ஆண்கள் நடுவில் எங்கே போய் உட்காருவது என்றாள். மத்தியானம் ஒருமுறை திறந்து பார்க்கக் கூடாதா என்று கேட்டாள்.

மத்தியானம் பூங்காவில் யார் இருக்கிறார்கள் என்று வடிவேல் கேட்டான்.

"யாரும் இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள் அந்தோணிமேரி. "வந்து பாருங்க."

அன்று பன்னிரண்டரைக்கு அவன் வந்து பார்த்தான். பூவரச மர நிழலில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். காலையில் மார்க்கெட்டில் கீரையும் கத்தரிக்காயும் விற்றுவிட்டு, வெயில் தாழ ஊருக்கு நடக்கக் காத்திருப்பவர்கள் சிலர். வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் காலை வேலையை முடித்து, மாலை வேலைக்கு மறுபடி போகவேண்டியவர்கள் சிலர். தூக்குச்சட்டியிலிருந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு முந்தானையை விரித்துச் சாய்ந்திருந்தார்கள். பூட்டிய ரேடியோ அறையின் திண்டில்கூட ஒருத்தி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தினமும் இவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். அவன் வேலை செய்யும் இடம் இது, அவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

வடிவேல் நோட்டை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் போய், ரேடியோவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லச் சொன்னான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ வரிக்காக எழுதுகிறான் என்று ஒருத்தி எழுந்தே போய்விட்டாள். கோரிமேட்டுக்கு அப்பாலிருந்து கீரை கொண்டுவரும் செல்வாம்பாள்தான் முதலில் வாய் திறந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, ரேடியோவில் பாட்டு வருமா என்று கேட்டாள். வரும் என்றான். குறுக்கே விளம்பரம் வருமா என்றாள். அது வராது, உத்தரவு என்றான்.

"அப்ப நல்லதுதான். கோழி கூவுறதுலேர்ந்து நானே கூவிக் கூவி வித்துட்டு வர்றேன். இங்க குந்துற நேரத்துலயாச்சும் எவனும் எங்கிட்ட எதையும் விக்காம இருக்கட்டும். இத எழுதிக்க தம்பி."

அவன் அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக்கொண்டான். அதன்பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். பாடுகிறவர் பேரைச் சொல்ல வேண்டும் என்றாள் வீட்டு வேலை செய்யும் கொளஞ்சி. பிள்ளைக்குச் சுரம் வந்தால் என்ன செய்வது என்று சொல்வார்களாமே, அது வேண்டும் என்றாள் இன்னொருத்தி. மிச்சமிருந்த நாட்களில் அவன் தினமும் மத்தியானம் வந்து எழுதினான். நோட்டில் மாலைக்காரர்களின் பக்கங்களைவிட மத்தியானக்காரர்களின் பக்கங்கள் அதிகமாகின.

சவரிராயன் நோட்டைப் படித்துவிட்டு, மாலையில் நடக்கும் ரேடியோவைப் பற்றி மாலையில் வராதவர்களிடம் ஏன் கேட்டாய் என்றார். வடிவேலுக்கு அதிகாரி முன்னால் பேசிப் பழக்கமில்லை. அவர்கள் மாலையில் வர முடியாதவர்கள், அதனால்தான் கேட்டேன் என்று மட்டும் சொன்னான். அவர் மறுபடி நோட்டைப் புரட்டினார். செல்வாம்பாள் சொன்ன பக்கத்தில் விரல் நின்றது. கன்னியப்பனின் மனுவைவிட இது எடுத்துச் சொல்லும் விதம் நன்றாயிருக்கிறது என்று முணுமுணுத்தார். பிறகு ஒரு மாதம் சோதனைக்காகப் பன்னிரண்டரை முதல் இரண்டு வரை திறக்க அனுமதித்தார். மாதக் கடைசியில் தானே வந்து பார்ப்பேன், ஆள் இல்லையென்றால் பெட்டி விருந்தினர் மாளிகைக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

முதல் நாள் குழாயில் சத்தம் வந்ததும் தூங்கிக்கொண்டிருந்த இருவர் எழுந்து வேறு மரத்துக்குப் போனார்கள். வடிவேலின் முகம் விழுந்துவிட்டது. அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்தோணிமேரி பித்தான் தைக்கவேண்டிய ரவிக்கைகளை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். பூங்கா வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, செல்வாம்பாளுக்கு அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். இருபது அடி தூரத்தைக் கடக்க அவளுக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

நிகழ்ச்சிகள் அச்சான பத்திரிகையை அவள் தன் தங்கையிடமிருந்து தருவித்தாள். எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு என்ன என்று பென்சிலால் குறித்து வடிவேலிடம் கொடுப்பாள். அவன் அதன்படி சென்னைக்கும் திருச்சிக்கும் முள்ளைத் திருப்பினான். திருச்சி அவன் பயந்த அளவுக்குக் கரகரக்கவில்லை. வில்லுப்பாட்டு வந்தது. கும்மிப் பாட்டு வந்தது. ஒரு நாள் நாற்று நடுகிற பாட்டு ஒன்று வந்தபோது செல்வாம்பாள் வெற்றிலை மெல்லுவதையே நிறுத்திவிட்டாள். அது தன் ஊரில் பாடும் பாட்டேதான், மெட்டு மட்டும் கொஞ்சம் படித்தவர்கள் மெட்டாக இருக்கிறது என்று சொன்னாள்.

இருபது பேர், இருபத்தைந்து பேர் என்று வரத் தொடங்கினார்கள்.

சவரிராயன் வந்த நாள் வியாழக்கிழமை. முந்தின இரவு பெய்த கோடை மழையில் கீரை அழுகி, கிராமத்துப் பெண்கள் பலர் மார்க்கெட்டுக்கே வரவில்லை. பெஞ்சுகள் ஈரமாக இருந்தன. வடிவேல் எண்ணிப் பார்த்தான். அந்தோணிமேரியோடு சேர்த்து ஏழு பேர். நேரம் போகப் போகக்கூட எட்டாவது ஆள் வரவில்லை. அதிகாரி குடையை மடக்கிக்கொண்டு வந்து சுற்றிலும் பார்த்துவிட்டு ஓரமாக நின்றார். அந்த ஏழு பேரும் அவரைக் கவனிக்கவில்லை. அவர்களுக்குள் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் வந்த ஒரு தாலாட்டு இன்றும் வந்திருந்தது. அந்தோணிமேரிக்கு அது பிடிக்கவில்லை. நேற்று கேட்டதையே இன்றும் கேட்பதற்கு நேற்றே போதுமே, வேறு நிலையத்துக்குத் திருப்புங்கள் என்று அவள் வடிவேலிடம் சொன்னாள். வடிவேலின் கை ரேடியோவின் திருகுக்குப் போனது. செல்வாம்பாள் அவனைத் தடுத்தாள்.

"நீ படிச்சவம்மா. ஒரு தரம் கேட்டா ஒனக்குப் புடிபட்டுடும், எழுதி வெச்சுக்குவ. எனக்கு நாலு தரம் வந்தாத்தான் வாயில நிக்கும். எம் மருமவளுக்கு மாசம் நெறஞ்சிருக்கு. இந்தப் பாட்டப் புடிச்சிட்டுப் போயிடணும்னு பாக்குறேன், ரெண்டாவது அடி நழுவிட்டே போவுது."

அந்தோணிமேரி ஊசியைத் துணியில் குத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பாட்டு முடியும் வரை எல்லாரும் சும்மா இருந்தார்கள். முடிந்ததும் அந்தோணிமேரி தாழ்ந்த குரலில் இரண்டாவது அடியைச் சொன்னாள். செல்வாம்பாள் திருப்பிச் சொன்னாள். தப்பிப் போன ஒரு சொல்லைக் கொளஞ்சி எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் தடவை செல்வாம்பாள் அதை மெட்டோடு பாடினாள். குரல் கட்டியிருந்தது, சந்தையில் கூவின தொண்டை. ஆனாலும் தாலாட்டு தாலாட்டாகவே இருந்தது.

சவரிராயன் கைக்குட்டையை ஈர பெஞ்சில் விரித்து உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு வடிவேல் மூடும் வரை இருந்தார். போகும்போது, தான் ஆட்களை எண்ண வந்ததாகவும், எண்ண மறந்துவிட்டதாகவும் வடிவேலிடம் சொன்னார். அது நிஜமா, வேண்டுமென்றே சொன்னாரா என்று அவனுக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மத்தியான ரேடியோ தொடரும். மாலையில் ஒரே நிலையத்தை வைக்காமல் பட்டியல் போட்டு மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அந்தப் பட்டியலை எதிர்வீட்டு அந்தோணிமேரி அம்மாளைக் கலந்து தயாரிக்கலாம். உத்தரவைப் படித்துக் காட்டியபோது அந்தோணிமேரி முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று தைத்த ரவிக்கையில் இடக்கையும் வலக்கையும் மாறிப் போய்விட்டது, பிரித்துத் தைக்கவேண்டி வந்தது என்று தேவதாஸ் பிற்பாடு சொன்னார்.

காப்பிக் கடைக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சிலோன் கேட்கிறவர்கள் அங்கேயே கேட்டார்கள். பட்டியலில் கிராமியப் பாட்டு இருக்கும் நாட்களில் மட்டும் ரிக்‌ஷாக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். பிரான்சுவாவுக்குப் பிரெஞ்சுச் செய்தி கிடைக்கவில்லை. வாரம் தவறாமல் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். மத்தியானத்தில் புதுப்பாட்டா பழம்பாட்டா என்ற வழக்கும் ஓயவில்லை. கடைசியில் அவர்களாகவே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். யாராவது ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டிருந்தால் அது எத்தனை தரம் வந்தாலும் திருப்பக் கூடாது. கற்று முடித்தாயிற்று என்று அவர்களே சொல்ல வேண்டும்.

வைகாசியில் செல்வாம்பாளுக்குப் பேத்தி பிறந்தது. பத்து நாள் அவள் வரவில்லை. வந்தபோது கூடையில் கீரைக்கு மேலே ஒரு பொட்டலம் சர்க்கரை வைத்திருந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். ரேடியோ அறைக்குள் எட்டிப் பார்த்து வடிவேலுக்கும் கொடுத்தாள். பிள்ளை அந்தப் பாட்டுக்குத் தூங்குகிறதா என்று அந்தோணிமேரி கேட்டாள். பிள்ளை தூங்கவில்லை, மருமகள்தான் தூங்கிப்போகிறாள் என்றாள் செல்வாம்பாள்.

மறுவருஷம் நகரை ஒட்டிய கதிர்காமத்திலும் ஒரு ரேடியோ வைக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். இடம் பார்த்து வரச் சொல்லி சவரிராயன் வடிவேலை அனுப்பினார். ஊர்ப் பெரியவர்கள் கோயில் மைதானத்தைக் காட்டினார்கள். கம்பத்தை எங்கே நடலாம், கம்பி எந்தப் பக்கமாக இழுக்கலாம் என்று விளக்கினார்கள். வடிவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் போனான்.

"ஒங்களுக்கு எந்த நேரத்துல கை ஒழியும்?" என்று கேட்டான்.

அவர்கள் இறைப்பதை நிறுத்திவிட்டு, இவன் யார், எதற்குக் கேட்கிறான் என்று பார்த்தார்கள். அவன் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தான்.